நங்கூரத் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை

கேப்டன் வீடா? இந்தத் தெருவுல கேப்டனும் கிடையாது, கிளீனரும் கிடையாது. மொதல்ல அந்தக் கேமராவைக் கீழ இறக்கும்மா. என் வீட்டு ஜன்னலைப் படம் புடிச்சு ஆருக்கு என்ன ஆகப்போகுது? பெயிண்டு உரிஞ்சு கிடக்கு, அவ்வளவுதான். போன வாரம் ஒருத்தன் வந்து, பழமையோட அழகே தனி மேடம்னு சொல்லிட்டுப் போறான். உப்புக்காத்து அரிச்ச சுவரு அழகாம். அவன் வீட்டுச் சுவரை அரிச்சா அப்பத் தெரியும்.

உன்னை ஆரு அனுப்புனா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டீக்கடையிலயா? நெட்டையா, சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு, சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனானா? போனிபாஸ். அவனேதான். வாரம் தப்பாம ஒரு ஆளைப் புடிச்சு இங்கன அனுப்பி வைக்கான். 'டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டுங்க, நல்லாப் பேசுவாங்க, டீ குடுப்பாங்க'ன்னு சொன்னானா? பாத்தியா கிண்டலை! தெருவை விட்டுப் போயும் என்னை நிம்மதியா இருக்க விடமாட்டேங்கான்.

சரி, வந்தது வந்துட்ட. வெயில்ல நிக்காத, உள்ள வா. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. டீ போட்டு வச்சிருக்கேன். ரெண்டு தம்ளருக்குத்தான் எப்பவும் போடுதது, பழக்கம்.

என் பேரு எமரென்சியா. பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்தி ரிட்டயர் ஆனவ. தூத்துக்குடியில பாதிப் பொம்பளைங்களுக்கு பானிப்பட் யுத்தம் எத்தனைன்னு நான்தான் முட்டியில அடிச்சுச் சொல்லிக்குடுத்தேன். அப்படிப்பட்டவ வீட்டுக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு ஒருத்தன் தினமும் பொய் வரலாறு சொன்னா எப்படி இருக்கும் எனக்கு? நீயே சொல்லு.

இது நங்கூரத் தெரு. பழைய துறைமுகத்துக்குப் போற ஒரு சாண் தெரு. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுன வீடுங்க. நம்ம இருக்கது வடக்கு வரிசை. அந்தா லாரி போகுதுல்லா, அந்த ரோடு இருக்க இடத்துலதான் தெக்கு வரிசை இருந்துச்சு. நங்கூரம்னு பேரு எப்படி வந்துச்சுன்னு போனிபாஸைக் கேட்டா, டச்சுக் கேப்டன் தன் காதலிக்காகக் கப்பல் நங்கூரத்தையே கழட்டி வச்சிட்டுப் போனான்னு கண்ணுல தண்ணி வரச் சொல்லுவான். நான் சொல்லுதேன் கேளு. தெரு முக்குல ஒரு பழைய இரும்புக் கடை இருந்துச்சு. துருப்புடிச்ச நங்கூரத்தை வாசல்ல போட்டு வச்சிருப்பான் அந்த ஆளு. இருட்டுல வாரவன் போறவன் எல்லாம் கால்ல இடிச்சுக்கிட்டு அவன் தலைமுறையையே ஏசுவான். அதான் நங்கூரத் தெரு. இதுல என்ன காதல் வேண்டிக் கிடக்கு?

போனிபாஸ் யாருன்னு கேக்கியா? எனக்கு ரெண்டு வகுப்பு கீழ படிச்சவன். கப்பல்ல ஸ்டூவர்டா ஊரெல்லாம் சுத்திட்டு, வயசானப்புறம் தெக்கு வரிசையில அவன் அப்பன் வீட்டுக்கு வந்து உக்காந்தான். வெள்ளைக்காரனுக்குத் தட்டு ஏந்திக் குடுத்துக் குடுத்து நாக்குல தேன் தடவுன மாதிரி பேச்சு வந்துட்டு. அவனுக்கு அடுத்த வீடு சபீனா. புருஷன் தோணியில சரக்கு ஏத்திக் கொழும்புக்குப் போனவன், திரும்பல. கல்யாணம் ஆகி வந்த வீட்டுலயே ஒத்தையில கிடந்து வயசாயிட்டா. வாயில்லாப் பூச்சி. மத்தியானம் ஆனா ஒரு கிண்ணத்துல மீன் குழம்பை ஊத்தி மூடி எடுத்துக்கிட்டுத் தெருவைக் கடந்து வந்துருவா. 'யக்கா, உங்களுக்குக் கொஞ்சம்'ன்னு வச்சிட்டுப் போவா. உப்பு எப்பவும் தூக்கலாத்தான் இருக்கும். நானும் சொல்லிப் பாத்தேன், திருந்தல. என்ன செய்ய, வீணாக்கக் கூடாதுன்னு சாப்பிட்டுருவேன்.

மூணு வருஷம் இருக்கும். ரோடு அளக்குத ஆளுக வந்தானுவ. துறைமுகத்துக்கு லாரி போகப் பாதை பத்தலையாம். தெக்கு வரிசைச் சுவருல எல்லாம் செவப்புப் பெயிண்டுல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிட்டானுவ. அந்த வரிசை மொத்தமும் போகும், அவியளுக்கு ஊருக்கு வெளிய அடுக்குமாடியில வீடு குடுப்பாவன்னு பேச்சு. வடக்கு வரிசையைத் தொடல. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? சட்டம்னா சட்டம். எல்லாரும் மாரடிச்சுக்கிட்டு என் வீட்டு முன்னால வந்து நின்னப்ப நான் அதைத்தான் சொன்னேன். 'எத்தனையோ ராஜ்ஜியமே போயிருக்கு, ஒரு வரிசை வீடு போறதுக்கா இந்த அழுகை'ன்னேன். ஒவ்வொருத்தராக் கலைஞ்சு போயிட்டாவ. சரித்திர அறிவு இருந்தாத்தான பதில் சொல்லுததுக்கு!

அப்பதான் போனிபாஸ் அந்தக் கேப்டனைப் பெத்து எடுத்தான்.

கேப்டன் வில்லெம்னு ஒரு டச்சுக்காரனாம். முத்துக்குளிக்கிறவன் மக மதலேனம்மாளைப் பாத்தானாம், கப்பலை மறந்தானாம், நம்ம தெருவுல வீடு கட்டிக் குடியிருந்தானாம். எந்த வீடு? சபீனா வீடு! அவ வீட்டு வாசல்ல ஒரு போர்டை மாட்டுனான். 'கேப்டன் வில்லெம் இல்லம், 1850.' பழைய சாமான் கடையில ஒரு தேக்குக் கட்டிலை வாங்கிப் போட்டு, கேப்டன் படுத்த கட்டில்னான். சனங்க நம்பிச்சு. பேப்பர்க்காரன் வந்து எழுதுனான். காலேஜ் பிள்ளைங்க கூட்டம் கூட்டமா வந்துச்சு. தெக்கு வரிசைக்காரங்க எல்லாம் கதவுக்கு நீல பெயிண்டு அடிச்சாவ. வாசல்ல காகிதப்பூச் செடி வச்சாவ. சபீனா வீட்டுப் படியில கல்யாணம் ஆகப்போறதுக ரெண்டு ரெண்டா வந்து உக்காந்து, மூஞ்சிய மூஞ்சிய உரசிக்கிட்டுப் போட்டோ எடுத்துச்சு. அவ உள்ள நின்னு மீன் பொரிச்சு எல்லாருக்கும் குடுக்கா. அப்படி சிரிச்சு நான் அவளைப் பாத்ததே இல்ல. கோட்டி புடிச்ச மாதிரி தெருவே சிரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு.

வடக்கு வரிசைப் பக்கம் ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. போனிபாஸ் ஆளுகளைக் கூட்டிக்கிட்டு நடந்தா, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நடப்பான். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. நான்தான் என் வீட்டுச் சுவருல போர்டு மாட்ட ஆணி அடிக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டேனே. இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா? இந்தத் தெருவுல வரலாறு படிச்ச ஒரே ஆளு இந்தப் பக்கம் இருக்கா.

ஒருநாள் பொறுக்க முடியாம நேர அவன் வீட்டுக்கே போயிட்டேன். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு மதலேனம்மாளுக்கு ஒரு படம் வரஞ்சுக்கிட்டு இருக்கான்.

'போனிபாஸ், டச்சுக்காரன் இந்த ஊரை இங்கிலீஷ்காரன்கிட்ட விட்டுட்டுப் போனது எந்த வருஷம்?'னு கேட்டேன்.

'உக்காருங்க டீச்சர். காப்பி குடிக்கீங்களா?'

'1825. உன் கேப்டன் 1850ல இங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்? புளியங்கொட்டை எண்ணிக்கிட்டு இருந்தானா?'

சிரிக்கான்ம்மா. வெக்கமே இல்லாம சிரிக்கான். 'அப்ப 1820ன்னு மாத்திருவோம் டீச்சர். நல்ல வேளை, சொன்னீங்க'ங்கான். பிரஷை எடுத்து அப்பவே ஐம்பதை அழிக்கப் போறான்! எனக்கு வந்துச்சு பாரு கோவம்.

'பொய் சொல்லி வீட்டைக் காப்பாத்தப் பாக்கியா?'ன்னேன்.

அப்ப சிரிப்பை நிறுத்திட்டான். 'சபீனா இந்த வீட்டை விட்டு எங்க போவா டீச்சர்? அடுக்குமாடியில மூணாவது மாடி. அவளுக்கு முட்டி வலி. கேப்டன் பொய்தான். நீங்க உண்மையைச் சொல்லுங்க, நான் பொய்யை இன்னைக்கே நிறுத்திருதேன். உங்க அம்மா இந்த வரிசையில பிறந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா? நீங்க எழுதிக் குடுங்க, நான் போர்டுல போடுதேன்.'

'என்னத்த எழுத? எங்க தாத்தா பஞ்சுப் பொதி சொமந்ததையா? எங்க ஆச்சி கருவாடு காயப் போட்டதையா? இதெல்லாம் வரலாறா? கூறுகெட்டவனே, வரலாறுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?'

அவன் பிரஷைக் கழுவப் போயிட்டான். தெரிஞ்சாத்தான பேசுவான்.

டீ ஆறுது பாரு, குடி. சீனி பத்தலைன்னா சொல்லு.

அப்புறம் சென்னையிலேருந்து ஒரு குழு வருதுன்னு சேதி வந்துச்சு. பழைய கட்டடம் எதைக் காப்பாத்தலாம், எதை இடிக்கலாம்னு பாத்துச் சொல்லுத ஆளுக. அவிய ஒரு வார்த்தை எழுதிட்டா ரோடு வேற பக்கம் திரும்பிருமாம். தெக்கு வரிசை தடபுடல்தான். தெருவைத் தண்ணி தெளிச்சுக் கூட்டியாச்சு. சபீனா கல்யாணச் சேலையைக் கட்டிக்கிட்டு நிக்கா. நானும் கஞ்சி போட்ட சேலை ஒண்ணைக் கட்டிக்கிட்டுப் போனேன். என்னை ஆரும் கூப்பிடல. கூப்பிட்டாத்தான் போகணுமா? எங்க அம்மா பிறந்த வரிசை.

குழுவுக்குத் தலைவி ஒரு பொம்பளை, கௌசல்யான்னு பேரு. குட்டை முடி, நல்ல படிப்பாளி மாதிரிதான் இருந்தா. போனிபாஸ் வாயைத் திறந்தான். நங்கூரம், காதல், கட்டில், கண்ணீரு. அந்தம்மா தலையை ஆட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே வாரா. சபீனா வீட்டுக்குள்ள போயி கட்டிலைத் தொட்டுப் பாக்கா. எல்லார் மூஞ்சியிலயும் ஒரு வெளிச்சம். அப்பத்தான் நான் சொன்னேன்.

'மேடம், நான் ரிட்டயர்டு வரலாற்று ஆசிரியை. இவர் சொன்னதுல ஒரு வார்த்தை உண்மை கிடையாது.'

சத்தமா சொல்லல. வகுப்புல சொல்லுத மாதிரிதான் சொன்னேன். டச்சுக்காரன் போன வருஷத்தைச் சொன்னேன். கட்டில் வாங்குன கடையைச் சொன்னேன். போர்டுல பெயிண்டு இன்னும் ஈரம்னு சொன்னேன். ஊசி விழுந்தா கேக்கும், அப்படி ஒரு அமைதி. எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, நான் பேசி ஒரு கூட்டம் அப்படி அமைதியாக் கேட்டு!

அந்தம்மா போனிபாஸைப் பாத்தா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கோவப்படுவான்னு நினைச்சேன். ஒண்ணும் இல்ல, நெட்டை மரம் மாதிரி நின்னான்.

கூட வந்த ஆளு ஒருத்தன் பையை மூடிட்டுக் கிளம்பிட்டான். அந்தம்மா கிளம்பல. மெதுவா என் பக்கத்துல வந்தா. 'சரி டீச்சர், கேப்டன் இல்ல. பரவாயில்ல. வீடுங்க நல்லா இருக்கு. ஆனா வீடு பழசுன்னு மட்டும் எழுதினா நிக்காது, இந்தத் தெருவுல என்ன நடந்துச்சுன்னு எழுதணும். நீங்க வரலாறு படிச்சவங்க, இங்கயே பிறந்து வளர்ந்தவங்க. நீங்க சொல்லுங்க. இங்க உண்மையிலயே என்ன நடந்துச்சு?'ன்னு கேட்டா.

எல்லாரும் என் வாயையே பாக்காவ. போனிபாஸும் நிமிந்து பாக்கான்.

உண்மையைக் கேட்டா உண்மையைத்தான சொல்லணும். 'ஒண்ணும் நடக்கல மேடம்'னேன். 'சனங்க இருந்தாங்க, வேலைக்குப் போனாங்க, செத்தாங்க. அவ்வளவுதான். ஒரு ராஜா வந்ததில்ல, ஒரு சண்டை நடந்ததில்ல.'

அந்தம்மா ரெண்டாவது தடவை கேட்டா. 'எதுவுமே?'

'எதுவுமே'ன்னேன்.

அப்படியே எழுதிட்டாவ. வரலாற்றுச் சிறப்பு ஏதும் இல்லைன்னு. அது சரியான முடிவு. எனக்கு அதுல ஒரு சந்தேகமும் கிடையாது.

ரெண்டு மூணு மாசத்துல எல்லாரும் காலி பண்ணிட்டாவ. என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு ஒருத்தருக்கும் தோணல. உண்மை சொல்லுதவளைச் சனங்களுக்குப் புடிக்காதும்மா, எல்லாக் காலத்துலயும் அப்படித்தான். சாமானை ஏத்திட்டுப் போனிபாஸ் மட்டும் தெருவைக் கடந்து வந்தான். வாசல்லயே நின்னான். 'டீச்சர், நீங்க அன்னைக்குச் சொன்ன வருஷம் எல்லாம் சரிதான். நான் போய்ப் பாத்தேன்'னான். ஒத்துக்கிட்டான் பாத்தியா! அவ்வளவு பொய் சொன்னவன், கடைசியில என் வாசல்ல வந்து ஒத்துக்கிட்டான். 'ஒத்தையில இருக்கீங்க, கதவைத் தாழ் போட்டுக்கிடுங்க'ன்னுட்டுப் போயிட்டான். எனக்குத் தெரியாதா கதவைத் தாழ் போட?

இடிக்க மெஷின் வந்த அன்னைக்கு நான் இந்த ஜன்னல்லதான் நின்னேன். மொதல்ல முன்பக்கத்தை எல்லாம் வழிச்சுத் தள்ளிட்டான், அப்புறம் கூரை. தூசி அடங்குனதும் பாத்தா, வீட்டுக்கு வீடு நடுவுல இருந்த குறுக்குச் சுவருங்க மட்டும் நிக்கு. ஒவ்வொரு சுவருலயும் அடுப்படிப் பக்கம் ஒரு சின்னக் கதவு நிலை. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, ஒரே கோட்டுல. இந்தக் கடைசியில நின்னு பாத்தா அந்தக் கடைசியில கடல் தெரியுது.

அன்னைக்குன்னு பாத்து அந்தக் கௌசல்யா எதுக்கோ ஊருக்கு வந்திருக்கா. ஜீப்பை நிறுத்திட்டு இறங்கி வாரா. அந்த நிலைகளைப் பாத்துக்கிட்டு அப்படியே நிக்கா. 'டீச்சர், இது என்ன?'ன்னு கேட்டா.

'அதுவா? அடுப்படிக் கதவு'ன்னேன். 'எங்க தாத்தா காலத்துல பஞ்சுப் பொதி தூக்குதவங்க வேலைநிறுத்தம் பண்ணுனாங்க. போலீஸ் தேடி வரும். ஆம்பளைங்க அந்தக் கடைசி வீட்டுக்குள்ள நுழைவாங்க. ஒரு அடுப்படியில கஞ்சி குடுப்பாங்க, அடுத்த அடுப்படியில வேற சாரம் குடுப்பாங்க, அடுத்ததுல மொட்டை அடிச்சு விடுவாங்க. இப்படியே வீடு வீடாக் குனிஞ்சு போயி, கடல் பக்கத்து வீட்டுல வெளிய வந்து தோணியில ஏறிருவாங்க. போலீஸ் தெருவுல நின்னு விசில் ஊதிக்கிட்டே இருப்பான். ஒருத்தனைக் கூடப் புடிக்கல. எங்க ஆச்சிதான் மொட்டை அடிச்சு விடுதது. அப்புறம் அந்தப் பெரிய புயலப்ப, கடல் தெருவுக்குள்ள வந்தப்ப, பிள்ளைங்களை எல்லாம் கை மாத்திக் கை மாத்தி அந்தக் கதவு வழியாத்தான் மேட்டு வீட்டுக்குக் கடத்துனாங்க. நானும் அதுல ஒருத்தி. சபீனா மாமியார்தான் என்னைக் கையில வாங்குனா. என்ன, ஒரு மறைவு கிடையாது, ஒருத்தி கருவாடு சுட்டா வரிசையே நாறும்.'

அந்தம்மா என்னைப் பாத்தா. 'அன்னைக்கு நான் உங்ககிட்ட இதைத்தானே கேட்டேன்'னா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. 'நீங்க வரலாறு கேட்டீங்க மேடம். இது எங்க வீட்டு அடுப்படிச் சமாச்சாரம்'னேன்.

அந்தம்மா ஜீப்புல ஏறிப் போயிட்டா. போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை இல்ல. இவ்வளவு படிச்சிருக்கா, மரியாதை படிக்கல.

அவ போனப்புறம் பாக்கேன், சபீனா வந்திருக்கா. அடுக்குமாடியிலேருந்து பஸ் ஏறி வந்திருக்கா, அந்த முட்டி வலியோட. மெஷின்காரன் கையைக் காட்டித் தடுத்தான். என்ன சொன்னாளோ, அவன் விட்டுட்டான். கல்லு மேல கால வச்சு வச்சு, மொத நிலைக்குள்ள நுழைஞ்சா. அடுத்தது. அதுக்கடுத்தது. ஒவ்வொண்ணுலயும் தலையைக் குனிஞ்சுக் குனிஞ்சு போறா. சில நிலைக்கு மேல் கட்டையே கிடையாது, வானம்தான் இருக்கு. அங்கயும் அவ குனியுதா. கூறு இருக்கா அவளுக்கு? தலையில இடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாத இடத்துல எதுக்குக் குனியணும்?

கடைசி நிலையைத் தாண்டி வெளிய வந்து, சேலைத் தலைப்பால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டா. தூசிதான். நான் ஜன்னல்லேருந்து கூப்பிட்டேன். 'சபீனா, டீ போட்டிருக்கேன், வந்து குடிச்சிட்டுப் போ'ன்னேன். ரெண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பிப் பாக்காம பஸ்ஸுக்குப் போயிட்டா.

மெஷின் சத்தத்துல கேட்டிருக்காது. மெஷினை அவன் நிறுத்தித்தான் வச்சிருந்தான், அவ நடந்து முடியட்டும்னு. இருந்தாலும், கேட்டிருக்காதும்மா.